முறிகண்டியில் எழும்ப மறுக்கும் கார்: சூடான பழைய இயந்திரத்தின் நோயறிதல்

யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் வழியிலுள்ள முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைச் சும்மா கடந்து போவதில்லை. இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு பை கச்சான் (நிலக்கடலை) வாங்கி, தேநீரும் குடித்து முடிக்கக் கால் மணித்தியாலம் ஆகிவிடும். பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கால் மணித்தியாலம்தான் வில்லங்கம். வவுனியாவிலிருந்து ஒரு முனகலும் இல்லாமல் ஓடிவந்த கார், திறப்பைத் திருகினால் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றிக்கொள்ளாது. பக்கத்தில் நிற்கிற நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் தள்ளச் சொல்வார். ஒருவர் பெற்றோல் பம்பில் ஈரத்துணி போடச் சொல்வார். வயதான ஒருவர், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றருக்குள் இரண்டு துளி பெற்றோல் விடச் சொல்வார். அரை மணித்தியாலத்தில் இயந்திரம் தானாக ஆறி, தானாக எழும்பும். அந்த நேரத்தில் எந்த வைத்தியம் நடந்துகொண்டிருந்ததோ, பெயர் அதற்குப் போய்விடும்.

இந்த நோயின் சூழ்ச்சியே இதுதான். சாட்சி ஆறிப்போகிறது. மறுநாள் காலையில் கராஜுக்குக் கொண்டுபோனால் ஒரே திருகலில் உறுமிக்கொண்டு எழும்பும். திருத்துநர் என்ன செய்வார்? பிளக்கை மாற்றுவார், அது போதாதென்றால் பம்பை, அதுவும் போதாதென்றால் பற்றரியை. ஒவ்வொரு முறையும் கார் கராஜ் வாசலில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும்; ஒவ்வொரு முறையும் முறிகண்டியில் படுத்துவிடும். பெரியப்பாவின் மொறிஸ் மைனர் இப்படி ஒரு வருடத்துக்கு மேல் எங்களை ஆட்டிவைத்தது. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில், நின்ற இயந்திரம் ஏன் இன்னும் சூடாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஓடுகிறபோது தண்ணீர் சுற்றுகிறது, விசிறி காற்றை இழுக்கிறது, காபரேற்றருக்குள் புதுப் பெற்றோல் வந்துகொண்டே இருக்கிறது. பெற்றோல் ஆவியாகும்போது காபரேற்றரின் உடலே குளிர்கிறது. திறப்பை மூடியதும் இவை எல்லாம் ஒரே கணத்தில் நின்றுவிடுகின்றன. சூடு மட்டும் நிற்பதில்லை. மொறிஸ் மைனரின் ஏ வகை இயந்திரத்தில் உள்ளிழுக்கும் குழாயும் புகை வெளியேறும் மனிபோல்ட்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன; காபரேற்றர் அந்தப் பழுத்த இரும்புக்கு மேலேயே குந்தியிருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் தணலுக்கு மேல் வைத்த பானை கொதிப்பதுபோல, நின்ற பின் பத்து, இருபது நிமிடங்களுக்குள் காபரேற்றரின் சூடு உச்சத்தைத் தொடும். முறிகண்டித் தேங்காயும் கச்சானும் தேநீரும் எடுக்கிற நேரமும் அதுவே. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் எழும்பும். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தாலும் எழும்பும்.

பெற்றோல் ஒரே பொருள் அல்ல. பல எண்ணெய்களின் கலவை. அதன் மெல்லிய பகுதி ஏறத்தாழ 35 பாகை செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்குகிறது, கனமான பகுதி 200 பாகையை நெருங்கித்தான் முடிகிறது. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் (கடலைக்கும் காற்றுக்கும் நம் ஊரில் ஒரே பெயர், இரண்டும் முறிகண்டியில் ஒன்றாகக் கிடைக்கும்) வெளியில் நிழலிலேயே அந்தச் சூடு இருக்கும். மூடிய பொனற்றுக்குள் சொல்லவே வேண்டாம். காபரேற்றருக்கென்று பெற்றோலைத் தேக்கி வைக்கும் மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல் கொதிக்கிறது. கொதித்தால் இரண்டில் ஒன்று நடக்கலாம். குமிழிகள் பெற்றோலைத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளிழுக்கும் குழாய்க்குள் ஊற்றும், இயந்திரம் மூழ்கும். அல்லது கிண்ணம் வற்றிப்போய், குழாயிலும் பம்பிலும் ஆவி நிறைந்து, பெற்றோலே வராது. ஒன்று மிகை, மற்றது பட்டினி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம்தான்: சுற்றும், பற்றாது. வைத்தியம் மட்டும் நேரெதிர்.

வன்னியில் இந்தக் குழப்பம் மற்ற இடங்களைவிட ஒரு படி ஆழமானது என்பது என் எண்ணம். காரணம் மண்ணெண்ணெய்.

1990க்குப் பிறகான பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் வன்னிக்கு வராத பொருள், வந்தாலும் வாங்க முடியாத பொருள். அப்போது வீதியில் ஓடியவை பெரும்பாலும் பழைய பிரித்தானியக் கார்கள்: ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ். அவை தாக்குப்பிடித்தது அதிசயமல்ல. 803 சி.சி. மொறிஸ் மைனரின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1தான். இவ்வளவு தாழ்ந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் போன்ற மட்டமான எரிபொருளும், தட்டிக்கொண்டும் புகைந்துகொண்டும், எரிந்துவிடும். உழவு இயந்திரக்காரர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல: பழைய பேர்குசன் டிராக்டரின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எண்ணெய்க்கு மாறும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. வன்னிச் சாரதிகள் அதையே காருக்குச் செய்தார்கள். சில துளி பெற்றோல் விட்டு எழுப்புவது, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவது.

மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாது, ஆவியாகாததில் பொறி பற்றாது. ஆகவே அந்தக் காலத்துக் காருக்குக் காலைதான் எதிரி. சூடு நண்பன். பெரியப்பா தொண்ணூறுகளில் மல்லாவியில் வாடகைக்கு ஏ40 ஓட்டியவர். “சூட்டில் எழும்பாத வண்டி என்று எங்கள் காலத்தில் ஒன்று இருந்ததில்லை, தம்பி” என்று அவர் சொன்னபோது மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். இல்லை, அது அப்படியே உண்மை. மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரம் சூட்டில்தான் எழும்பும். எழும்பாவிட்டால் இரண்டு துளி பெற்றோல் என்பது அன்று சரியான மருந்து. 2002இல் ஏ9 திறந்து பெற்றோல் தாராளமாக வந்தது. 2006இல் மறுபடி பாதை மூடியது. பிறகு போர் முடிந்து எல்லாம் மாறியது. கை மட்டும் மாறவில்லை. பெற்றோலில் மூழ்கிக் கிடக்கும் இயந்திரத்துக்கு இன்னும் இரண்டு துளி பெற்றோல் விடுவது, வயிற்றோட்டக்காரனுக்குப் பேதி மருந்து கொடுப்பதற்குச் சமம்.

எழும்ப மறுத்த ஐந்து நிமிடத்துக்குள்

ஆகவே சோதனை, வண்டி மறுத்த அதே இடத்தில், அதே சூட்டில் நடக்க வேண்டும். பிளக் கழற்றும் சாவி, காப்பிட்ட பிடியுள்ள குறடு, ஒரு சாதாரண மல்ரிமீற்றர், கை சுடாமல் இருக்கத் துணி. வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

முதலில் காதைக் கொடுங்கள். ஸ்டார்ட்டர் காலையில் சுற்றும் வேகத்தில் இப்போதும் சுற்றுகிறதா? இழுத்து இழுத்துச் சுற்றினால் பெற்றோலைத் திட்டிப் பயனில்லை. பற்றரி, பற்றரி முனைகள், இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டி, தேய்ந்த ஸ்டார்ட்டர் புஷ் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். சுற்றும்போது எதிர்த்து உதைத்தால் தீப்பொறி நேரம் அளவுக்கு மீறி முன்னேறியிருக்கிறது. மண்ணெண்ணெய்க் காலத்தில் பின்தள்ளி வைத்த நேரத்தைப் பிறகு காதால் கேட்டு முன்னே தள்ளியவர்கள் பலர். சிலர் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டார்கள்.

வேகமாகச் சுற்றுகிறது என்றால் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நோயின் பாதி அதன் நுனியில் எழுதியிருக்கும். நனைந்து பெற்றோல் நாறினால் மிகை. காய்ந்திருந்தால் பட்டினி. அதே பிளக்கைக் கம்பியில் மாட்டி, அதன் உலோக உடல் இயந்திரத்தில் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து, குறட்டால் பிடித்துக்கொண்டு ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். பெற்றோல் ஆவி அருகில் இருக்கிறது, கவனம். நீலமாக ‘டிக் டிக்’ என்று தடித்த பொறி வந்தால் மின்பக்கம் நல்லது. மஞ்சளாக, நூல்போல, விட்டு விட்டு வந்தால் நல்லதல்ல. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எடுக்க மூன்று நிமிடம் போதும். பதில் எடுக்காமல் கராஜுக்குப் போவது, காய்ச்சல் விட்ட பிறகு வைத்தியரிடம் போவதைப் போன்றது.

பிளக் நனைந்திருந்தால், அந்த நேரத்துத் தீர்வு எளிது: அக்சிலரேற்றரை முழுதாக அழுத்தி, அழுத்தியபடியே வைத்து, சுற்றுங்கள். உள்ளே தேங்கிய பெற்றோலைக் காற்று வாரிக்கொண்டு போகும். ஏழெட்டுச் சுற்றில் இருமிக்கொண்டு எழும்பும். குளிரில் எழுப்பப் பெற்றோலின் பங்கைக் கூட்டும் சோக்கைத் தொடவே கூடாது. மிதித்து மிதித்து எடுப்பதும் கூடாது. மொறிஸில் உள்ள எஸ்.யூ. காபரேற்றரில் மிதிக்கு மிதி பெற்றோல் பீய்ச்சும் பம்ப் கிடையாது, ஆகவே மிதிப்பது வீண்; அந்தப் பம்ப் உள்ள காபரேற்றர்களிலோ ஒவ்வொரு மிதியும் மூழ்கியவன் தலையில் இன்னொரு வாளி.

நிரந்தரக் காரணம் வேறு. மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வு தேய்ந்து பெற்றோலை நிறுத்தாமல் விடலாம். மிதவை ஓட்டையாகி அமிழ்ந்துபோகலாம். பலர் பார்க்காத ஒன்று, சோக் கம்பி. எஸ்.யூ.வில் சோக் என்பது காற்றை அடைக்கும் கதவு அல்ல. அது காபரேற்றரின் அடியிலுள்ள ஜெற் குழாயைக் கீழே இழுத்து, ஊசிக்கும் துளைக்கும் இடையே வழியைப் பெரிதாக்குகிறது. கம்பி துருவேறி இறுகியிருந்தால், உள்ளே பிடியைத் தள்ளிவிட்டாலும் கீழே ஜெற் முழுதாக மேலேறாது. கையைக் கீழே விட்டு ஜெற்றை மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். அசைந்து மேலே போனால் கள்ளன் அகப்பட்டான். காபரேற்றருக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையே தடித்த காப்புக் கட்டையும், கீழே ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் இருக்க வேண்டும். வன்னியில் நான் பார்த்த வண்டிகளில் அந்தத் தகடு இருந்ததைவிட இல்லாததே அதிகம். எந்தக் காலத்திலோ கழன்றது, மீண்டும் ஏறவில்லை.

பிளக் காய்ந்திருந்தால் பம்பிடம் போங்கள். ஒஸ்ரின் ஏ40இல் பம்ப் இயந்திரத்தின் பக்கத்திலேயே பூட்டிய இயந்திரப் பம்ப். இயந்திரத்தின் சூடு நேராக அதற்குள் இறங்கும். மொறிஸ் மைனரில் பொனற்றுக்குள் பின்சுவரில் மின்பம்ப். இரண்டுமே பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து பெற்றோலை உறிஞ்சி இழுக்கின்றன. உறிஞ்சும் பக்கத்தில் அமுக்கம் குறைகிறது, அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும், ஆவி அடைப்புக்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. ஈரத்துணி வைத்தியம் இங்கேதான் செல்லும். துணி போட்டதும் எழும்பினால் நோய் இதுவென்று நம்பலாம்; பிளக் நனைந்திருக்கும்போது அதே துணியால் எழும்பினால் அது துணியின் வேலை அல்ல, நேரத்தின் வேலை.

மின்பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு: அது பேசும். திறப்பைப் போட்டதும் சில முறை ‘டொக் டொக்’ என்று அடித்துவிட்டு நின்றால் கிண்ணம் நிறைந்துவிட்டது, பெற்றோல் வருகிறது. நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் ஆவியையோ காற்றையோ குடிக்கிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால் உள்ளே மின்னைத் திறந்து மூடும் பொயின்ற் கருகி ஒட்டியிருக்கிறது. சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்வது அதன் வழக்கம். இவ்வளவு நேர்மையாகத் தன் நிலைமையைச் சொல்லும் பாகம் காரில் வேறொன்றும் இல்லை.

தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் பட்டினி வரும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் அதுதான். அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஒரு மணித்தியாலம் ஓடியதால் வந்த வெற்றிடம், சூட்டின் பெயரில் வேடம் போடுகிறது.

பொறி மஞ்சளானால்

பொறி மெலிந்திருந்தால் சந்தேகம் மூன்று பேர் மேல்: பற்றரி மின்னைப் பொறி பாயும் அளவுக்கு உயர்த்தும் கொயில், பொயின்ற்றில் பொறி சிதறாமல் காக்கும் கொண்டென்சர், சுற்றிச் சுற்றிப் பிளக்குகளுக்கு மின்னைப் பங்கிடும் றோட்டர்.

கொயிலுக்குள் இருப்பது செப்புக் கம்பி. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். இந்தக் கார்களின் 12 வோல்ற் கொயிலுக்குக் குளிரில் 3 ஓம் என்றால், 60 பாகை கூடச் சூடானதும் 3.7 ஓம். இது குற்றமில்லை, இயற்கை. கணக்கைத் தொடர்ந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். குளிரில் 12 வோல்ற்றில் 4 அம்பியர் பாயும். சூட்டில், ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரி 9.5 வோல்ற்றுக்கு இறங்கினால், பாய்வது ஏறத்தாழ 2.6 அம்பியர். கொயில் சேமிக்கும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், அது பாதிக்கும் குறைவாகிவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள வண்டி இந்தப் பாதியிலும் எழும்பும். பெற்றோலில் நனைந்த பிளக்கோ, கிழட்டுப் பற்றரியோ கூடச் சேர்ந்தால் எழும்பாது.

மொறிஸ் மைனர் பலவற்றில் கொயிலை டைனமோவின் முதுகிலேயே ஏற்றியிருக்கிறார்கள். சூடும் அதிர்வும் இலவசம். கம்பிகளின் காப்புப் பூச்சு உள்ளே வெடித்திருந்தால் குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். கையால் தொட முடியாத சூட்டில் கொயில் இருந்தால் அதையே முதலில் சந்தேகிப்பேன்.

கொண்டென்சர் சின்னப் பொருள், பெரிய நோய். பொயின்ற்றும் றோட்டரும் இருக்கும் டிஸ்ரிபியூட்டருக்குள் இருந்து சூட்டை வாங்குகிறது. சூட்டில் கசியத் தொடங்கினால் பொயின்ற் இடையே பொறி சிதறி, பிளக்குக்குப் போக வேண்டியது அங்கேயே எரியும். மீற்றரால் அளந்து நம்புவதைவிட, நன்றாக ஓடிய ஒரு பழைய கொண்டென்சரை வண்டியில் வைத்திருந்து மாற்றிப் பார்ப்பது சுலபம். புதியது என்பதற்காக நல்லது என்று எண்ண வேண்டாம். றோட்டருக்கு ஒரு சோதனை: கொயிலிலிருந்து வரும் நடுக்கம்பியைக் குறட்டால் பிடித்து, றோட்டரின் உலோகத் தகட்டுக்கு மேலே மூன்று மில்லிமீற்றர் விலக்கி, சுற்றச் சொல்லுங்கள். ஒன்றும் பாயக் கூடாது. பொறி பாய்ந்தால், அது றோட்டரைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள தண்டுக்குள் ஒழுகுகிறது.

இன்னொன்று, ரேடியோ பூட்டியவர்களுக்கு. இந்தக் கார்கள் பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைத்து வந்தவை. புதிய பொருட்கள் பூட்டுவதற்காக அதை எதிர்முனைக்கு மாற்றியிருந்தால், கொயிலின் இரண்டு சின்னக் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பொறி தலைகீழாகப் பாயும். அப்படிப் பாய்வதற்கு அதிக வோல்ற் வேண்டும். ஓடும், ஆனால் எழும்பச் சோம்பும்.

பெரியப்பாவின் கார் யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கியது, 948 சி.சி. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில்தான் அதன் குணம் முழுதாகத் தெரிந்தது. வரிசை இரண்டு காரளவு நகரும், பத்து நிமிடம் நிற்கும், மறுபடி நகரும். எல்லாமே சூட்டுத் தொடக்கம். பாதி வரிசையைத் தள்ளியே கடந்தோம். அதற்குப் பிறகு மூன்று கராஜ், ஒரு புதுப் பம்ப், இரண்டு செற் பிளக், ஒரு பற்றரி. கடைசியில் ஒரு ஆவணி மத்தியானம் முறிகண்டியில், கச்சான் விற்கும் பெண்கள் சுற்றி நின்று பார்க்க, நான் பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது. பொறி விட்டேன். மஞ்சள். இரண்டு குற்றவாளிகள் ஒன்றாக அகப்படுவார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கொயிலைக் கழற்றி மீற்றர் வைத்தால் 1.8 ஓம். வீட்டில் ஆறிய பிறகு 1.5. இது, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடைக்கம்பியோடு சேர்த்துப் பாவிக்க வேண்டிய வகைக் கொயில். அந்தத் தடைக்கம்பி இல்லாத மொறிஸில் யாரோ எப்போதோ பூட்டியிருக்கிறார்கள். 3 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் பாதி. இரண்டு மடங்கு மின்னோட்டத்தைக் குடித்து, தானும் வெந்து, பொயின்ற்றையும் கருக்கிக்கொண்டிருந்தது. கீழே கையை விட்டால் ஜெற் ஒரு நூல் அளவு இறங்கியே நின்றது. சோக் கம்பிக்கு எண்ணெய் விட்டு வருடக்கணக்காகியிருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் கார் எழும்பியிருக்கும் என்றே நம்புகிறேன். சூட்டு நோயில் இது அடிக்கடி நடக்கிறது: தனித்தனியே தாங்கக்கூடிய இரண்டு குறைகள், சூட்டில் கைகோர்க்கின்றன. ஒரு பாகத்தை மாற்றி, குணமாகவில்லை என்று அந்தப் பாகத்தின் மேல் சந்தேகத்தைக் கைவிடுகிறவர்கள் இங்கேதான் வழிதவறுகிறார்கள்.

பெற்றோலும் பொறியும் சரியாக இருந்தும் எழும்பாவிட்டால் வால்வுகள் மிச்சம். இந்த இயந்திரத்துக்கு டப்பெற் இடைவெளி (மூடிய வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையில் விடும் வெளி) 12 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. இடைவெளி குறைந்திருந்தால், சூட்டில் விரியும்போது வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் ஒழுகும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. ஈயம்தான் இந்தப் பழைய இரும்புத் தலைகளில் வால்வு இருக்கைக்கு மெத்தையாக இருந்தது. மெத்தை போனதும் இருக்கை மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது, இடைவெளி தானாகச் சுருங்குகிறது. பெரியப்பாவின் காரில் மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வு 7 தௌவில் இருந்தது. இடைவெளியைச் சரிசெய்து, 3 ஓம் கொயிலும் போட்டு, சோக் கம்பியும் மாற்றினோம்.

இப்போது முறிகண்டியில் எழும்புகிறது. கச்சான் காற்று அடிக்கும் மத்தியானங்களில் மட்டும் அக்சிலரேற்றரை அழுத்திப் பிடித்து ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். வெப்பத் தகடு இன்னும் கிடைக்கவில்லை. இருக்கைக்குக் கீழே பெரியப்பா வைத்திருக்கும் சின்னப் பெற்றோல் போத்தலை நான் இரண்டு முறை எடுத்து வீட்டில் வைத்துவிட்டேன். மூன்றாம் முறை போனபோது அது மறுபடி அங்கே இருந்தது.